கோஹினூரும் குழந்தைகளும்

லண்டன் மாநகரைச் சுற்றிப் பார்க்க எத்தனை நாள் வேண்டும் என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. தனியாகப் போகிறவர்களுக்கு ஐந்து நாள் போதும். குழந்தைகளுடன் போகிறவர்கள் அந்த ஐந்து நாளில் ஒன்றரை நாள்தான் லண்டனைப் பார்க்கிறார்கள். மிகுதி மூன்றரை நாளும் கெஞ்சுவதிலும், மிரட்டுவதிலும், உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொடுப்பதிலும் கழிந்துவிடும்.

நம் புதல்வனுக்கு வயது பத்து, புதல்விக்கு ஏழு. 1066-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்து மன்னர்கள் முடி சூடிவரும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நின்று நாம் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "இன்னும் எத்தனை ராஜா பாக்கி, அப்பா?" என்றாள் சிறியவள். பிரிட்டிஷ் மியூஸியத்தில் அமராவதி ஸ்தூபத்தின் சிற்பங்கள் இருக்கின்றன. 1859-இல் சென்னையிலிருந்து கப்பலேறிப் போனவை அவை. அவற்றைக் காண நமக்கு உள்ளம் துடித்தது. பையனோ வாசற்படியில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் தொடங்கிவிட்டான். இரட்டை மாடி பஸ்ஸில் மேல்தட்டில் முன் ஆசனம் கிடைத்துவிட்டால் மட்டும் இருவரும் பரம சாதுக்கள். பஸ் எங்கே போகிறது என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை!

மறுநாள் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டவர் கோட்டைக்குப் போனோம். அங்கே அண்டங்காக்கைகளை வளர்க்கிறார்கள். ஆறு காக்கைகளாவது இல்லாவிட்டால் ராஜ்யம் கவிழ்ந்துவிடும் என்று ஓர் ஐதிகம். வெகுதூரம் பறந்துவிடாதபடி இறகைச் சிறிது கத்தரித்தும் விடுகிறார்கள். "அப்படியானால் அவை இஷ்டப்பட்டு இங்கே இல்லையே?" என்றான் பையன். கேள்வி நமக்குப் பிடித்திருந்தது. காவலர் பக்கத்தில் நின்றதால் பதில் சொல்லாமல் நடந்தோம்.

ஆபரண மண்டபத்தில் கிரீடங்களைப் பார்க்க வருகிறவர்கள் ஓரிடத்தில் நின்று கூட்டம் சேர்க்காதபடி, தரையே நகர்ந்து ஆட்களைக் கொண்டுபோகும் ஏற்பாடு இருக்கிறது. குழந்தைகள் அதில் மூன்று தடவை போய் வந்தார்கள். கிரீடங்களை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் இருவரையும் கையைப் பிடித்து நிறுத்தி, 1937-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பட்டமகிஷிக்காகச் செய்த கிரீடத்தைக் காட்டினோம். கோஹினூர் வைரம் அதில்தான் பதிந்திருக்கிறது.

"இவ்வளவுதானா?" என்றான் பையன்.

முன்பு 186 காரட் இருந்த கல். 1852-இல் இங்கே மறுபடி பட்டை தீட்டி 105 காரட் சுமாருக்குக் குறைத்துவிட்டார்கள் என்றோம். அவன் முகத்தில் சலனமில்லை. "இதைக் கொடுத்த துலீப் சிங் மகாராஜாவுக்கு அப்போது உன் வயதுதான்" என்றோம். அவன் திரும்பிப் பார்த்தான்.

"கொடுத்தானா, வாங்கிக்கொண்டார்களா?"

1849-இல் பஞ்சாபைக் கம்பெனியார் சேர்த்துக்கொண்டபோது எழுதிய உடன்படிக்கையில், இந்தக் கல்லை இங்கிலாந்து ராணியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்ததைச் சொன்னோம்.

"பத்து வயதுப் பையன் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?"

"செல்லும் என்று வாங்கிக்கொண்டவர்கள் சொன்னார்கள்."

சிறியவளுக்கு ஷரத்துப் பற்றி அக்கறை இல்லை. "அவன் அம்மா சும்மாவா இருந்தாள்?" என்றாள்.

அம்மா ராணி ஜிந்தன் அப்போது அவன் அருகில் இல்லை. 1847-லேயே அவளைப் பிள்ளையிடமிருந்து பிரித்துவிட்டார்கள். காவலிலிருந்து தப்பி அவள் நேபாளம் போய்ச் சேர்ந்தாள். மகனை மறுபடி கண்டது 1861-இல், கல்கத்தாவில். அதற்குள் மகன் வாலிபனாகிவிட்டான். தாய்க்கோ கண் பார்வை மங்கிவிட்டது.

சிறியவள் தன் தாயாரின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் இரண்டு பேரும் எங்கே போனார்கள்?"

"இந்த ஊருக்குத்தான். 1863-இல் அவள் இங்கேயே, கென்ஸிங்டன் பகுதியில், காலமானாள்."

வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்துப் பலகையின் முன் பையன் வெகுநேரம் நின்று, கென்ஸிங்டனுக்கு எந்த பஸ் போகும் என்று தேடிக்கொண்டிருந்தான்.