மென்பொருளின் விடுதலையும் நூலின் விடுதலையும்: எல்லைப்புறத்து விவிலியச் செயலிகள் குறித்து

திறமூல விவிலிய மென்பொருள்கள் குறித்துத் தமிழில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் எந்தச் செயலி சிறந்தது என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. அச்செயலிக்குள் வைக்கப்படும் நூல் யாருடையது, அதை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பவை அதைவிட அடிப்படையான கேள்விகள். கேரளத்தின் எல்லைப்புறத் தமிழரிடையே இக்கேள்விகளின் கனம் தெளிவாகத் தெரிகிறது.

1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜே. டி. மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றதைத் தொடர்ந்து, அங்கு எழுந்த தோட்டங்களுக்குத் தமிழ்ச் சமவெளிகளிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் தமிழ்ச் சிறுபான்மை உண்டு. இப்பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் இருப்பினும் மலையாள வழியில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளும் உள்ளனர். அவர்களுள் தமிழ் பேசவும் கேட்கவும் தெரிந்து, எழுத்து மட்டும் தெரியாதவர்கள் உண்டு. அத்தகைய கிறித்தவ வீட்டில் பாட்டி ‘கர்த்தர்’ என்று வாசிக்கும் இடத்தைப் பேத்தி மலையாள நூலில் ‘யஹோவ’ என்று வாசிக்கிறாள். இருவரும் ஒரே வசனத்தில்தான் நிற்கிறார்கள். ஆயினும் ஒருவர் கையிலுள்ள நூல் மற்றவருக்குப் பயன்படுவதில்லை.

இந்த இடைவெளிக்குத் திறமூல மென்பொருள் தரும் விடை எளிமையானது. கிராஸ்வயர் விவிலியச் சங்கத்தின் ஸ்வார்ட் திட்டம் 1990களில் தொடங்கியது; அதன் நிரல் குனூ பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுகிறது. நூலை வாசித்துக் காட்டும் இயந்திரம் வேறு, நூல் வேறு என்று பிரித்து வைத்ததே அதன் சிறப்பு. அதனால் கணினியில் இயங்கும் பைபிள்டைம், சிஃபோஸ் ஆகியவையும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இயங்கும் ஆண்ட்பைபிளும் ஒரே வடிவிலான நூற்கோப்புகளைத் திறக்கின்றன. ‘ஆதியாகமம்’ என்றாலும் ‘தொடக்க நூல்’ என்றாலும் ‘உல்பத்தி’ என்றாலும், உள்ளே அந்நூலுக்கு மொழி சாராத ஒரே குறியீடு உண்டு. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த பத்திகளில் ஒன்றுக்கொன்று நேராக நிற்பது இக்குறியீட்டினால்தான்.

கருவிகளுக்கிடையே பகிர்வதும் அவ்வாறே எளிது. ஒரு நூல் என்பது அதன் பெயர், மொழி, உரிமம் ஆகியவற்றைச் சொல்லும் சிறு விவரக்கோப்பும், உரையைக் கொண்ட ஒரு கோப்புறையும் மட்டுமே. இரண்டையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி, மெமரி கார்டிலோ புளூடூத் வழியாகவோ அடுத்தவர் கைப்பேசிக்கு மாற்றிவிடலாம். அலைக்கற்றை எட்டாத மலைச்சரிவுகளில் இணைய வேகத்தைவிட இவ்வசதியே பெரிது. கேரள அரசுப் பள்ளிகள் நெடுங்காலமாகக் குனூ லினக்ஸ் கணினிகளில் பாடம் நடத்துவதால், கட்டற்ற மென்பொருள் அங்குள்ள பிள்ளைகளுக்குப் புதியதும் அன்று.

ஆனால் கோப்பு போய்ச் சேர்ந்ததாலேயே நூல் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. ஒருங்குறியில் ‘கொ’ என்ற எழுத்தைக் ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடும் நிரலுக்கோ அவை வெவ்வேறு. மலையாளத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. 2008இல் வெளியான ஒருங்குறி 5.1 பதிப்பு சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியிடங்களை அளித்தது. அதற்கு முன் தட்டச்சான உரைகளில் அதே எழுத்துகள் வேறு முறையில் பதிவாகியுள்ளன. தமிழின் இருவகைப் பதிவுகளையும் நிகரானவை என ஒருங்குறியே ஏற்கிறது. சில்லெழுத்துகளுக்கு அந்த ஏற்பு இல்லை என்பதால் தனி விதி எழுதியாக வேண்டும். இதைச் செய்யாவிடில் நூலில் உள்ள சொல்லையே தேடி, ‘இல்லை’ என்ற விடையைப் பெறுவார் வாசகர். அவர் கோப்பைக் குறை கூற மாட்டார். தம் நினைவையே ஐயுறுவார்.

அடுத்தது உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 பொதுவாக ஆசிரியர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள் வரை காப்பளிக்கிறது. 1910ஆம் ஆண்டின் மலையாள சத்தியவேதபுஸ்தகம் இன்று மலையாள விக்கிமூலத்தில் யாவர்க்கும் கிடைக்கிறது. தமிழில் 1714–15இல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு போன்ற பழைய பதிப்புகளுக்கும் தடையில்லை; ஆனால் அவற்றின் நடை இன்றைய வாசகருக்கு எட்டாதது. சபைகளில் இன்று புழங்கும் பதிப்புகள் அனைத்தையும் அவ்வாறு கட்டற்றவை எனக் கொள்ள இயலாது. இந்நிலையில், பிரிட்ஜ் கனெக்டிவிட்டி சொல்யூஷன்ஸ் நிறுவனம் இந்தியத் திருத்தப் பதிப்பைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது ஒரு திருப்புமுனை. மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் மீண்டும் பகிர்ந்தால், அதைப் படியெடுக்கவும் மாற்றியமைக்கவும் தடையில்லை. நிரல் கட்டற்றதாக இருந்தும் நூல் பூட்டப்பட்டிருந்தால், பயனர் பெறுவது வெற்று அலமாரியே.

இதே அளவுகோலை மலையினத்தார் மொழிகளுக்கும் நீட்டிப் பார்க்க வேண்டும். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர். இடுக்கியில் முதுவர், மன்னான், பளியர். முதுவர் மொழிக்குப் பன்னாட்டு மொழிக்குறியீட்டில் ‘எம்-யு-வி’ என்ற மூன்றெழுத்து அடையாளம் உண்டு. நெடுங்கால எழுத்து மரபு இல்லை. அம்மொழியில் ஓர் உரையைத் தமிழ் எழுத்தில் வைப்பதா, மலையாள எழுத்தில் வைப்பதா? நிரலாளர் முடிவு செய்யத்தக்க கேள்வி அன்று இது. அம்மக்களே முடிவு செய்ய வேண்டியது. ஸ்வார்ட் வடிவம் அகராதிகளையும் பொது நூல்களையும் ஏற்பதால், சமய நூலுக்கு அப்பால் அவர்களின் சொற்களும் கதைகளும், அவர்கள் இசைந்தால், அதே வழியில் கைமாறலாம்.

மொழியியல், கணினியியல் மாணவர்கள் இணைந்து செய்யத்தக்க பணிகள் இங்கே கண்முன் உள்ளன: எழுத்துப் பதிவுகளைச் சீர்செய்யும் சிறு நிரல், கட்டற்ற தமிழ், மலையாள உரைகளின் வசன எண்களை ஒப்பிட்டுச் சரிபார்த்தல், ஒவ்வொரு கோப்பின் விவரப் பகுதியிலும் உரிமத்தைத் தவறாமல் பதிதல். இவற்றுள் எதற்கும் பெருநிதி வேண்டியதில்லை. பாட்டியும் பேத்தியும் ஒரே திரையில், அவரவர் எழுத்தில், ஒரே வசனத்தை வாசிக்க இவ்வளவு போதும்.