ஒன்றரைச் சுற்று

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். ராக்கெட், ரோபோ பற்றியெல்லாம் எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் என் அப்பாவின் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியைப் பற்றியும், அதன் கார்புரேட்டர் எனக்கு எடுத்த வகுப்பைப் பற்றியும் எழுதுகிறேன்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் என் சொந்த ஊர். அப்பா அச்சகங்களில் லேபிள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பயர் ஆபீஸ்களில் இறக்குபவர். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த டூ ஸ்ட்ரோக் வண்டியால்தான். 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-க்குத் தம்பி முறை!

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. லோடு குவிகிற நேரம். அப்போது பார்த்துக் கார்புரேட்டர் ஒழுக ஆரம்பித்தது. வேறு ஊர் என்றால் "பிறகு பாத்துக்கலாம்" என்று விடலாம். நம் ஊரில் முடியுமா? ஒரு பயர் ஆபீஸ் வாசலில் மண்ணில் விழுந்த பெட்ரோல் சொட்டை வாட்ச்மேன் பார்த்துவிட்டார். "அண்ணாச்சி, இதச் சரி பண்ணாம இந்தப் பக்கம் வண்டியக் கொண்டு வராதீக" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தானே!

"மெக்கானிக்குக்கு எதுக்குப்பா காசு? நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறேன்ல!" என்று மார்தட்டினேன். கடையில் ஒரு மாற்றுக் கார்புரேட்டர் வாங்கினோம். பார்க்க அச்சு அசலாகப் பழையது போலவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டினேன். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள பேக்கிங் ஓரத்தில் கிழிந்திருந்தது. கடை மூடியிருக்குமே என்று அதையே திரும்ப வைத்து இறுக்கிவிட்டேன்.

கிக்கரை மிதித்ததும் ஸ்டார்ட் ஆனது! ஆனால் ஐடிலிங் நிலைக்கவில்லை. ஒரு சமயம் தானாக உறுமும், ஒரு சமயம் அணைந்துபோகும். நான் என்ன செய்தேன்? ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டினேன். அணைவது நின்றது. லோடோடு முழு த்ராட்டில் கொடுத்தால் மூச்சுத் திணறியது. "புதுசு இல்லையா, ஓட ஓடச் சரியாயிரும்பா" என்றேன். அப்பா நம்பினார்.

புதன்கிழமை மதியம், திருத்தங்கல் சாலையில், லேபிள் கட்டுகளோடு வண்டி நடுவழியில் இறுகி நின்றுவிட்டது. வெயிலில் அப்பா அதைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக் ஷாப் வரை போயிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

மெக்கானிக் அண்ணாச்சி எந்த ஸ்க்ரூவையும் தொடவில்லை. முதலில் ப்ளக்கைக் கழற்றினார். முனை வெள்ளை வெளேர் என்று இருந்தது. "காபி பொடி கலர்ல இருக்கணும் தம்பி. கறுப்பா ஈரமா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இந்த வண்டியில் ஆயில் தனியாகப் போவதில்லை. லிட்டருக்கு 20 மில்லி என்று அப்பா பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறார். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். பிஸ்டன் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? நல்லவேளை, லேசான கீறலோடு தப்பியது. ரிங் மட்டும் மாற்றினார்.

பிறகு வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, பேக்கிங் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். இஞ்சின் சத்தம் உடனே மாறியது. வெளிக்காற்று அந்தக் கிழிசல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது! (சிலர் பெட்ரோலையே தெளித்துப் பார்ப்பார்கள். அந்த வேலை எந்த ஊரிலும் வேண்டாம்.) புது பேக்கிங் போட்டதும் ஐடிலிங் நிலைத்தது. முழு த்ராட்டிலில் மட்டும் திணறல் மிச்சம் இருந்தது. பழைய கார்புரேட்டரின் மெயின் ஜெட்டையும் புதியதன் ஜெட்டையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பித்தளையில் பொறித்திருந்த எண்ணைப் படித்தேன். புதியதன் எண் சிறியது. துளையும் சிறியது. பழைய ஜெட்டைக் கழுவிப் புதியதில் மாட்டினோம். திணறல் போயிற்று.

கடைசியில்தான் ஸ்க்ரூ. இஞ்சின் சூடானதும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். அங்கிருந்து கொஞ்சம் முன்னும் பின்னும் திருகி, சத்தம் சீராக வரும் இடத்தில் நிறுத்தினார். ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்தார். அவ்வளவுதான்!

குறுகலான இடத்தில் காற்று வேகமாகப் போனால் அழுத்தம் குறையும் என்று பெர்னௌலி 1738-லேயே எழுதிவைத்தார். வென்சுரி படம் வரைந்து நானும் மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த வென்சுரிக்குப் பின்னால் ஒரு கிழிசல் இருந்தால் கணக்கு முழுவதும் தப்பும் என்று எனக்குத் தோன்றவில்லையே!

திரும்பும் வழியில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "பேக்கிங் கிழிஞ்சிருந்தது எனக்குத் தெரியும்பா. தெரிஞ்சேதான் மாட்டுனேன். ஏன் திணறுதுன்னுதான் தெரியல." கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். "தெரியலன்னு சொல்லியிருந்தா நான் லோடு ஏத்தியிருக்க மாட்டேனே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபின் புது வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். இனி கார்புரேட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். பெட்ரோல் கூடுதலா குறைவா என்று இன்று சென்சார் சொல்வதைத்தான் அன்று ப்ளக் சொன்னது. கேட்கத்தான் எனக்குப் பொறுமை இல்லை. நோயைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருகினால் சத்தம் மாறும், நோய் மாறாது.

நாளை நாம் தொழிற்சாலைகளுக்குப் போவோம். நாம் "சரியாயிருச்சு" என்று சொன்னால் ஒருவர் அதை நம்பி வண்டியை எடுப்பார். ஆகவே தோழர்களே, ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் புரியவில்லையா? "தெரியலை" என்று தைரியமாகச் சொல்லுங்கள்!