எறாவும் இறாலும்

எண்ணூரில் இருக்கும் எங்கள் நெட்டுக்குப்பத்தின் பெயரை மெல்லச் சொல்லிப் பாருங்கள். நெ, டு, கு, ப. நான்கும் குறில், நெடில் ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் காட்டுக்குப்பத்துக்கு முதல் எழுத்திலேயே ஒரு துணைக்கால் வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குக் குறில் சொல்லிக்கொடுக்க உட்காரும்போதெல்லாம் நான் இந்த ஊர்ப் பெயரில்தான் ஆரம்பிக்கிறேன்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்குக்கூட எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வியும், 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கப்பட்டது இந்தக் குறையைப் போக்கத்தான். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் பங்குக்குச் சாயங்கால வேளையில் பத்துப் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டிவைத்துக்கொண்டேன்.

முதல் சிக்கல் எழுத்தின் பெயரிலேயே இருந்தது. ‘அ’வைக் காட்டினால் “ஆனா” என்கிறார்கள், ‘இ’யைக் காட்டினால் “ஈனா” என்கிறார்கள். நாமும் அப்படித்தானே படித்தோம்? குறிலுக்கு நெடில் பெயரைச் சூட்டிவிட்டு, பிள்ளை ‘அம்மா’வை எழுத்துக்கூட்டும்போது தடுமாறுகிறது என்று கோபித்துக்கொள்கிறோம். அகரம், ஆகாரம் என்று பழைய இலக்கணம் வைத்த பெயர்களில் குறில் குறிலாகவே நிற்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்கிறது தொல்காப்பியம். ஆகவே விரலை நொடிக்கச் சொன்னேன். ‘படு’ என்றால் முதல் எழுத்துக்கு ஒரு நொடி, ‘பாடு’ என்றால் இரண்டு நொடி. முடி, மூடி. பெட்டி, பேட்டி. கொட்டை, கோட்டை. திண்ணையே நொடிப்புச் சத்தத்தில் அதிர்ந்தது.

பாடப்புத்தகத்துச் சொற்கள் தீர்ந்ததும் மீன் கூடைக்குள் கையை விட்டோம். வஞ்சிரம், நெத்திலி, கெளுத்தி, நண்டு, எல்லாமே குறில். ஒகரத்துக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, “ஆத்துல நிக்கிற கொக்கு, ஆயா” என்றாள் ஒரு சின்னவள்.

எகரமும் ஒகரமும்தான் பிள்ளைகளை அதிகம் அலைக்கழிக்கின்றன. கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிகிறது. வாயிலோ மெய்யொலி முந்திக்கொண்டு வருகிறது. ஓலைச்சுவடிக் காலத்தில் இது இன்னும் கடினம். அன்று எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். குறில் என்று காட்ட மேலே ஒரு புள்ளி உண்டு. ஆனால் சுவடிகளில் பெரும்பாலும் அந்தப் புள்ளி இருக்காது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு இரட்டைக்கொம்பும் வேறு வடிவமும் கொடுத்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. அதுவரை ஓலை படித்தவர்கள் அது என்ன சொல் என்று முன்பே அறிந்திருந்ததால்தான் சரியாகப் படித்தார்கள். காதில் இருந்த சொல்லே அவர்களுக்குக் கைகொடுத்தது.

இதையெல்லாம் அறிந்திருந்தும் நான் ஒரு தவறு செய்தேன்.

ஒரு பையன் பலகையில் ‘எறா’ என்று எழுதிக்கொண்டு வந்தான். பெருக்கல் குறி போட்டு, ‘இறால்’ என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவன் அழவில்லை. பலகையை மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டான். மறுநாள் கேட்டான்: “எங்க ஆயா எறான்னுதான் விக்குது. அது தப்பா?”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நான் போட்ட சிவப்புக் குறிகளை நினைத்துக்கொண்டேன். என் வாயும் எலை, எடம், வெலை, கொடம், ஒரல், ஒலக்கை என்றுதானே பேசுகிறது? இகரத்துக்கும் உகரத்துக்கும் அடுத்து அ, ஆ, ஐ ஏறிய எழுத்து வந்தால், பேச்சில் பெரும்பாலும் வாய் கொஞ்சம் திறந்து எகரமாகவும் ஒகரமாகவும் ஆகிவிடுகிறது. புளி, குடி, உப்பு என்பவை மாறுவதில்லை. அந்தப் பையனின் காது எறாவைத் துல்லியமாகக் கேட்டிருக்கிறது. கை அதைத் துல்லியமாக எழுதியிருக்கிறது. குறிலைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளை அவன். நான் அடித்தது அவனுடைய சரியான விடையை.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, “நான் போட்டது தப்புக் கண்ணு. நீ கேட்டதைச் சரியா எழுதியிருக்கே” என்றேன். சுவரில் சுண்ணக்கட்டியால் நடுக்கோடு இழுத்து, ஒருபக்கம் ‘வீட்டில் சொல்வது’, மறுபக்கம் ‘ஏட்டில் எழுதுவது’ என்று எழுதினேன். எறா, இறால். வெலை, விலை. கொடம், குடம். வீட்டுச் சொல்லுக்குப் பெருக்கல் குறி கிடையாது. பிள்ளைகள் ஆயாக்களிடமும் வலை பின்னும் தாத்தாக்களிடமும் போய்ச் சொல் கேட்டு வந்தார்கள். பத்தே நாளில் சுவரில் இடமில்லாமல் போனது.

போன மாதம் அந்தப் பையன் கருவாடு கட்டிவந்த செய்தித்தாளைப் பிரித்து மடியில் நீவிக்கொண்டிருந்தான். தலைப்பில் விரலை வைத்து, “து... றை... மு... க... ம்” என்று எழுத்துக்கூட்டினான். ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி கூட்டினான். உதடு அசைவது தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சட்டென்று நிமிர்ந்து எண்ணூர்த் துறைமுகம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினான்.

“ஆயா, இது நம்ம தொறமுகம்!”

சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு சுவரில் இடம் தேடப் போய்விட்டான்.