குறி பார்க்கும் கை

நரிக்குடி வட்டாரம் மழை குறைந்த மானாவாரிப் பூமி. ஆனால், குறி தவறாத கைகளுக்கு இங்குப் பஞ்சம் இருந்ததில்லை. மருது சகோதரர்கள் பிறந்த ஊராக நரிக்குடியை அடுத்த முக்குளத்தைத்தான் பெரியவர்கள் காட்டுவார்கள். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது என்று, பின்னாளில் அவரையே எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

நம் மார்க்கத்திலோ இக்கலைக்குத் தனி மதிப்பே உண்டு. அஸ்லம் குலத்தார் இரு அணியாகப் பிரிந்து அம்பெய்து போட்டியிட்டபோது அவ்வழியே வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், இஸ்மாயீல் (அலை) அவர்களின் வழித்தோன்றல்கள் என்று அவர்களை அழைத்து ஊக்கமளித்தார்கள். தாம் ஓர் அணியின் பக்கம் என்று சொன்னதும் மறு அணியினர் கையை நிறுத்திக் கொள்ளவே, நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்னும் பொருள்படக் கூறிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

இவ்வளவு இருந்தும், துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் முகங்கள் வாடிவிடுகின்றன. கல்லூரி என்.சி.சி.யில் சுடுவதில் முதலாவதாக வந்த என் தங்கை மகன், கைத்துப்பாக்கிப் போட்டிக்கு முறையாகப் பயில வேண்டும் என்று கேட்டான். "நம் பிள்ளை கையில் துப்பாக்கியைப் பார்த்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?" என்று மச்சான் மறுத்துவிட்டார். அது வீண் அச்சம் என்று தள்ள என்னால் இயலவில்லை. செய்தித்தாள்களும் திரைப்படங்களும் நம் பெயரோடு அந்தப் பொருளை முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் விதம் அப்படி. எனினும், விளையாட்டு இன்னதென்று தெரியாமல் ஆகும் என்றோ ஆகாது என்றோ சொல்ல எனக்கு மனமில்லை. இராணுவத்தில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம், அஸர் தொழுகைக்குப் பின் பல நாள் உட்கார்ந்து கேட்டறிந்தேன்.

பையன் விரும்பியது ஸ்டாண்டர்ட் பிஸ்டல் என்னும் பிரிவு. 25 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி, ஒரே கையால், மொத்தம் 60 தோட்டாக்கள். ஐந்தைந்தாகச் சுட வேண்டும். முதல் 20 தோட்டாக்களில் ஒவ்வோர் ஐந்துக்கும் 150 வினாடி அவகாசம். அடுத்த 20-ல் 20 வினாடி. கடைசி 20-ல் 10 வினாடி மட்டுமே. 2006-ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டில் நம் நாட்டு ஜஸ்பால் ராணா தங்கம் வென்ற பிரிவுகளுள் இதுவும் ஒன்று.

குறியைத் திருத்தமாக்குவது எப்படி என்று கேட்டபோது பெரியவர் முதலில் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு தாளில் கோடு போட்டார். குழலின் மேலுள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைப்பட்ட தூரம் 220 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்பது விதி. இலக்கோ அதைப் போல் ஏறத்தாழ 114 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஆகவே, பின்குறியின் பிளவுக்குள் முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றாலும் தோட்டா 11 சென்டிமீட்டருக்கு மேல் விலகிப் போய்விடும். பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் குறுக்களவே 5 சென்டிமீட்டர்தான்! ஆனால், இரு குறிகளும் தம்முள் நேராக நின்று, கை மட்டும் மொத்தமாக ஒரு சென்டிமீட்டர் அசைந்தால் தோட்டாவும் ஒரு சென்டிமீட்டரே விலகும். கை ஆடுவதை ஓரளவு மன்னிக்கலாம். குறிகள் கோணுவதை மன்னிக்க இயலாது. அதனால்தான் தேர்ந்தவர்கள் இலக்கை உற்றுப் பார்ப்பதில்லை. பார்வை முழுவதும் முன்குறியின் மீதே இருக்க, இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதுமாம். எனக்கு இது பெரும் வியப்பாக இருந்தது.

அடுத்தது விசை. ஒரு கிலோ எடைக்குக் குறைந்த அழுத்தத்தில் அது விடுபடலாகாது. விரல் அவ்விசையை வெடுக்கென்று இழுத்தால் முன்குறி கோணிவிடும். முதற் கட்டத் தளர்வு தீர்ந்து, ஒரு தடை தட்டி, அங்கிருந்து அழுத்தம் மெல்ல ஏறி, சுடுபவரே எதிர்பாராத கணத்தில் விடுபட வேண்டும். இதனைச் சரிசெய்வது தேர்ந்த ஆயுதப் பழுதுநரின் வேலை. வீட்டில் திருப்புளியை எடுத்துக் கொண்டு உட்காருவது ஆபத்து. மரப்பிடியை மட்டும் அவரவர் உள்ளங்கைக்கு ஏற்ப அரத்தால் ராவியும், பள்ளமான இடத்தில் மரப்பசை பூசியும் பொருத்திக் கொள்வார்கள். தோட்டாவைத் தேர்வதற்குத் துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கி, வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வாங்குவார்கள்.

கருவியைப் பேணுவதும் சிறிய காரியமன்று. 2021-ல் டோக்கியோவில் மனு பாகரின் காற்றுத் துப்பாக்கி போட்டியின் நடுவே பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிடங்கள் கரைந்தன. இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். அவரே 2024-ல் ஜஸ்பால் ராணாவின் பயிற்சியில் பாரிஸில் இரண்டு வெண்கலம் பெற்றார். அதே பாரிஸில் துருக்கியின் யூசுஃப் திகேச், தம் 51-ஆம் வயதில், அன்றாடம் அணியும் மூக்குக் கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டபடி நின்று கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்றதை உலகமே பார்த்தது. அந்தப் படத்தைத்தான் மச்சானிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.

சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டவே கூடாது, உயிருள்ள எதையும் இலக்காக நிறுத்தலாகாது என்னும் நபிமொழிகளையும் எடுத்துச் சொன்னேன். சுடுதளத்தின் முதல் விதியும் அதுவே: குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். பந்தயப் பணம் கட்டும் இடமாயின் நானே தடுத்திருப்பேன். தோட்டாத் துப்பாக்கி வைத்துக் கொள்ள உரிமம் வேண்டும் என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை.

மச்சான் இறுதியில் இசைந்தார். ஆனால், துப்பாக்கி கழகத்தை விட்டு வெளியே வரக் கூடாது. பையனின் படிப்பும் தொழுகையும் தவறக் கூடாது என்றார். ஞாயிறுதோறும் அவரே மதுரைக்கு அழைத்துச் சென்று, சுடுதளத்தின் பின்வரிசையில் காத்திருக்கிறார். மற்ற நாட்களில், பெரியவர் சொன்னபடி, மஃரிபுக்குப் பின் முக்கால் பங்கு நீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்தபடி பையன் அரை நிமிடம் நிற்கிறான். உள்ளே தண்ணீர் அலம்பாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் தங்கையின் வேலை.