மிச்சமிருக்கிற கால்

வன்னியில காலை இழந்த ஒருவராவது இல்லாத ஊர் குறைவு. பொய்க்காலைப் பற்றி நிறையக் கதைக்கிறம். மிச்சமிருக்கிற காலைப் பற்றி ஆரும் பெரிசாக் கதைக்கிறதில்லை.

2009 மார்ச்சில மாத்தளனில ஷெல் பட்டு என்ர சித்தப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. சாரத்தைக் கிழிச்சு இறுக்கிக் கட்டி, செஞ்சிலுவைக் கப்பலில ஏத்தினதால தப்பினார் என்று வீட்டில சொல்லுவினம். அந்தக் கட்டோட உடம்பும் ஒரு வேலை செய்திருக்கும். இரத்தக்குழாய் அறுந்த உடனே அதன் சுவரில இருக்கிற தசை இறுகி, குழாயை ஒடுக்கும். இரத்தப்போக்கை நிறுத்த உடம்பு எடுக்கிற முதல் நடவடிக்கை அதுதான்.

அதே சுருக்கம்தான் இப்ப அவருக்கு எதிரி. மார்கழிப் பனியில உடம்பு சூட்டைக் காப்பாற்ற, தோலுக்குப் போற குழாய்களைச் சுருக்கும். பீடியில இருக்கிற நிக்கொட்டின் அட்ரினலினைக் கூட்டி இன்னும் இறுக்கும். ஒரு குழாயின் ஆரை பாதியானால் அதில பாயிற இரத்தம் பாதியாகாது, ஏறக்குறைய 16இல் ஒரு பங்காகும். வலது பெருவிரலில வந்த சின்னப் புண் மூன்று மாதமா ஆறவில்லை. சீனி வருத்தமும் இல்லை. குழாய்கள் ஒடுங்கிப் போச்சு என்று கிளினிக்கில சொல்லிச்சினம்.

1908இல் நியூயோர்க்கில லியோ பேர்கர் என்ற மருத்துவர் விபரித்த ஒரு நோய் அவர் பெயரிலேயே இருக்கு. கை கால் குழாய்கள் அழற்சியால அடைபட்டு, விரல் கறுத்து, வெட்டுற நிலைக்கு வரும். பெரும்பாலும் புகைக்கிற ஆக்களுக்குத்தான் வரும். புகையை முழுசா விடுறதுதான் முதல் வைத்தியம், குறைச்சால் காணாது.

"பீடியை விடுங்கோ சித்தப்பா" என்றால், "பிள்ளை, இல்லாத கால் இரவிரவா உளையுது. இதைப் பத்தினால்தான் கொஞ்சம் நித்திரை வருது" என்பார்.

அது சாட்டு இல்லை. வெட்டின காலில நோ வாறது உண்மையான நோ. அதுக்கு வழி சொல்லாமல் பீடியைப் பறிக்க ஏலாது. தமிழரான வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில ஒரு கண்ணாடியை வைச்சே இந்த நோவைக் குறைக்க வழி தேடினவர். இருக்கிற காலின்ர விம்பத்தை, இல்லாத கால் இருக்கிற மாதிரி மூளைக்குக் காட்டுறது. எல்லாருக்கும் பலிக்காது, ஆனால் செலவில்லை.

பிசியோதெரபிஸ்ட் காட்டித் தந்தபடி அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி நாங்களும் தொடங்கியிருக்கிறம். நாளுக்கு எட்டுப் பீடி இப்ப மூன்று. அந்த மூன்றும் போக வேணும். புண் இன்னும் ஆறேல்லை.