பேரேட்டில் ஒரு குதிரை

மாணிக்கவாசகர் வரலாற்றைக் கேட்கும்போதெல்லாம் என்னைப் போன்ற அரசாங்க எழுத்தர்களுக்கு ஒரு குறும்பான எண்ணம் தோன்றுவதுண்டு. குதிரை வாங்கவென்று பாண்டியன் கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டு விட்டாரே, இன்றைய நாளாக இருந்தால் தணிக்கைத் துறையார் எத்தனை ஆட்சேபணைகளை எழுப்பியிருப்பார்கள்! நரி பரியானதைக் கூட அவர்கள் ஒப்புக்கொள்ளக்கூடும். பரி மீண்டும் நரியானதற்கு எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது?

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். குதிரை அக்காலப் பாண்டிய நாட்டிற்குக் கடல் கடந்து வந்த விலையுயர்ந்த பொருள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் மிகச் சிலவே உயிரோடு எஞ்சின என்றும் எழுதி வைத்துள்ளார். குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லாமையே காரணம் என்பது அவர் கருத்து. வாங்குவது எளிது, வளர்ப்பது அரிது என்ற இந்த உண்மையை எங்கள் குடும்பம் கற்றுக்கொண்ட கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் ஈரோட்டில் குதிரை வண்டி ஓட்டியவர். புகைவண்டி நிலையத்திற்கும் கடைத்தெருவிற்கும் இடையே அவர் வண்டி நடந்து நடந்துதான் அண்ணனும் நானும் வளர்ந்தோம். ஆட்டோ ரிக்‌ஷாக்கள் பெருகியதும் வண்டிக்கு வேலை குறைந்தது. குதிரையை விற்றுவிட்டு, கடைசி இரண்டு ஆண்டுகள் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். அண்ணன் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு விசைத்தறிக்குப் போனார். நான் பி.ஏ. முடித்து, தேர்வு எழுதி, 2002-இல் தில்லிக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பணியில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் நான் 'வியாபாரம்' என்று எழுதினேன். பெட்டிக்கடை இருந்தது உண்மைதானே என்று மனத்திற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருபது ஆண்டுகளாக நம்மைச் சோறு போட்டு வளர்த்தது எது என்று மனம் திருப்பிக் கேட்டபோது, அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த கட்டத்திற்குப் போய்விட்டேன்.

2018-ஆம் ஆண்டு ஆடி மாதம். அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையைப் பற்றி நம்மவர் பலர் அறிந்திருப்பர். அந்தச் சந்தைக்குப் போன அண்ணன், ஐந்து வயதுள்ள செந்நிறக் குதிரை ஒன்றை வாங்கிவிட்டார். அண்ணியின் வளையல்கள் வங்கிக்குப் போன செய்தி பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "அப்பா ஆசைப்பட்டது உனக்குத் தெரியாது தம்பி. ஒரு தடவையாவது ரேக்ளாவில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வருகிற பொங்கலுக்கு எட்டு மைல் பந்தயம் ஒன்று இருக்கிறது. செவலையை ஓட விடலாம் என்று இருக்கிறேன்" என்றார் தொலைபேசியில்.

ஐந்து மாதங்களில் ஒரு குதிரையை எட்டு மைல் ஓட வைக்க வேண்டும். எனக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? பேரேடு எழுதத் தெரியும். ஆகவே அதையே செய்வதாக ஒப்புக்கொண்டேன். ஒரு நீள நோட்டில் கட்டங்கள் போட்டேன்: நாள், தூரம், எடுத்துக்கொண்ட நேரம், காலையில் ஓய்வாக நிற்கும்போது நாடி, ஓட்டம் முடிந்தவுடன் நாடி, பத்து நிமிடம் கழித்து நாடி, குடித்த தண்ணீர், தின்ற தீனி, கால்களின் நிலை. ஒவ்வோர் இரவும் அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

எங்களுக்கு ஆசானாக அமைந்தவர், எங்கள் தில்லிக் குடியிருப்பிற்கு அருகே லாயம் வைத்திருந்த ஒரு முதியவர். வடநாட்டுத் திருமணங்களில் மாப்பிள்ளையைச் சுமந்து செல்லும் வெள்ளைக் குதிரைகளை நீங்கள் தெருவில் கண்டிருப்பீர்கள். அவற்றை வளர்ப்பதே அவர் தொழில். எல்லோருக்கும் அவர் 'சாச்சா'. அலுவலகம் விட்டு வரும் வழியில் அவரிடம் கேட்டதை, இரவு அண்ணனிடம் தமிழில் சொல்வேன்.

அவர் முதலில் சொன்னது இது: "பாபுஜி, குதிரையின் மூச்சு சீக்கிரம் தயாராகிவிடும். கால் தயாராகாது. ஏமாந்து விடாதீர்கள்." மருத்துவ நூல்களும் இதையே கூறுகின்றன. இதயமும் நுரையீரலும் சில வாரப் பயிற்சியிலேயே வலுப்பெற்றுவிடும். தசைநாண்கள் உறுதிப்படப் பல மாதங்கள் வேண்டும். எலும்பு கெட்டிப்பட அதனினும் அதிக காலம் ஆகும். ஆகவே இரண்டாம் மாதத்தில், குதிரை துடிப்பாக நிற்கும். ஓட்டு ஓட்டு என்று நம்மைத் தூண்டும். அந்த நேரத்தில்தான் ஓட்டக் கூடாது. முதல் மாதம் வெறும் நடை. பிறகு வண்டி பூட்டி நடை. அதன் பிறகு நடையும் சீரோட்டமும் மாறி மாறி. தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டுவதில்லை. வேகத்தைக் கூட்டும் வாரத்தில் தூரத்தைக் கூட்டுவதில்லை.

நாடி பார்க்கும் முறையையும் அவரே காட்டிக் கொடுத்தார். கீழ்த்தாடையின் உட்புற விளிம்பில் ஓர் இரத்தக் குழாய் ஓடுகிறது. விரல் நுனிகளை அதன்மேல் மெல்ல வைத்தால் துடிப்புத் தெரியும். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 28 முதல் 44 வரை இருக்கலாம். செவலைக்கு வந்த புதிதில் 40, ஐப்பசியில் 36. அந்த எண் இறங்க இறங்க, தில்லியில் எனக்கு மனம் ஏறியது.

"இரவில் படுக்கும் முன் நான்கு கால்களையும் தடவிப் பாருங்கள். இரு முன்னங்கால்களிலும் ஒரே நேரத்தில் கையை வையுங்கள். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால், மறுநாள் வண்டி பூட்டாதீர்கள். குதிரைக்கு வாய் இல்லை, கால்தான் பேசும்" என்றும் சாச்சா சொல்லியிருந்தார்.

மார்கழி பிறந்தது. அண்ணன் சொல்லும் கணக்கு நாள்தோறும் ஒரே சீராக இருந்தது. காலை நாடி 36, 36, 36. கால்கள் 'சரி', 'சரி', 'சரி'. பயணப்படிப் பட்டியல்களில் இவ்வாறு அழகாக அடுக்கப்பட்ட எண்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன் நான். அலுவலகத்தில் என்றால் உடனே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன். சொந்த வீட்டுக் கணக்காயிற்றே, மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டேன்.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு, விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி ஈரோட்டில் இறங்கினேன். வீட்டிற்குப் போனதும் பெட்டியைக் கூடத் திறக்காமல் லாயத்திற்குச் சென்றேன். செவலை தலை தாழ்த்தி நின்றது. தொட்டியில் கொள்ளு பாதி அப்படியே கிடந்தது. தாடைக்குக் கீழே விரல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். 48. நான் வந்த பரபரப்பாக இருக்கலாம் என்று சிறிது நேரம் விட்டு மறுபடி எண்ணினேன். அதே 48. குனிந்து முன்னங்கால்களைத் தொட்டேன். இடது காலின் பின்புறம், முழங்காலுக்குக் கீழே, சூடாக இருந்தது.

அன்றிரவு அண்ணனிடம் நோட்டை நீட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கார்த்திகைக்கு அப்புறம் தினமும் இரண்டு வேளை ஓட்டினேன். மற்ற குதிரைகள் ஓடுகிற வேகத்தைப் பார்த்தேன், பயம் வந்துவிட்டது. நீ தில்லியில் உட்கார்ந்து கணக்கைக் கேட்கிறாய் தம்பி. நான் இங்கே வட்டியை எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அண்ணிதான் பேசினார். சமையலறை வாசற்படியில் நின்றபடி, "மாமா இருந்திருந்தா இந்தக் காலோட வண்டி பூட்டுவாங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். வளையல் போன கையோடு நின்று அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு மேல் யாருக்கும் எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

என் தந்தையாரின் வழக்கம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. குதிரை சற்றுச் சோர்ந்தாற்போல் தெரிந்தால், வண்டியில் ஆளை ஏற்றமாட்டார். அன்று வீட்டில் கஞ்சிதான். பள்ளிக்கூடத்தில் பசியோடு உட்கார்ந்து, 'குதிரைக்கு ஓய்வு, நமக்குப் பட்டினியா' என்று அவரை மனத்துள் திட்டியிருக்கிறேன். அவரை மறைத்து நான் எழுதிய 'வியாபார'த்தைப் பற்றி அன்றிரவு அண்ணனிடம் சொன்னேன். "நீ ஒரு பொய் எழுதினாய், நான் நாற்பது பொய் சொன்னேன். இரண்டு பேரும் அப்பாவுக்கு நல்ல பிள்ளைகள்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். தசைநாண் இன்னும் கிழியவில்லை, ஓடினால் கிழியும் என்றார். பந்தயத்திலிருந்து செவலையின் பெயரை எடுத்தோம். நான் வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுத்து அண்ணியின் வளையல்களை மீட்டேன். அதை அண்ணன் கடனாகவே வைத்துக்கொண்டு, மாதந்தோறும் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு ஓராண்டு, எல்லாம் முதலிலிருந்து. ஓய்வு, குளிர்ந்த நீர் ஊற்றல், கையில் பிடித்து நடை. பல வாரங்களுக்குப் பின்னரே வண்டி. இம்முறை அவசரம் இல்லாததால் பலவற்றைக் கற்க முடிந்தது. மனிதனைப் போலவே குதிரையும் வியர்வையால்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. அந்த வியர்வையில் நம் வியர்வையைவிட உப்பு மிகுதி. ஆகவே தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் தர வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. எனவே ஓட்டத்திற்கு முன்பும் பின்பும் தானியத்தை வயிறு நிறையத் தந்தால் அது உயிருக்கே உலை வைக்கும். கொள்ளைவிடப் புல்லே முதன்மையான உணவு. புது லாடத்தைப் பந்தயத்திற்கு முதல் நாள் அடிக்கக் கூடாது. குறைந்தது ஒரு வாரம் முன்பே அடித்து நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு சக்கர வண்டியில் ஓட்டுபவர் முன்னும் பின்னும் சிறிது நகர்ந்து உட்கார்ந்தாலே குதிரையின் முதுகில் விழும் பாரம் மாறிவிடும். அண்ணன் தம் இருக்கையை நான்கு விரற்கடை பின்னுக்குத் தள்ளியதும் செவலையின் நடையே மாறியது. சேணப்பட்டை உரசும் இடங்களில் மயிர் கலைந்திருக்கிறதா என்று தினமும் பார்த்தார். நோட்டில் 'சரி' என்ற சொல்லுக்குப் பதிலாக இப்போது விவரங்கள் வந்தன. சில நாள் நாடி 38, சில நாள் 35, ஒரு நாள் 'இன்று எண்ண மறந்துவிட்டேன்'. உண்மையான கணக்குக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

2020 பொங்கலுக்கு மறுபடி ஊருக்குப் போனேன். விடியற்காலைப் பனியில் பதினான்கு வண்டிகள் நின்றன. அண்ணன் சாட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கொடி இறங்கியதும் மற்றவர்கள் பறந்தார்கள். செவலை தன் சீரோட்டத்திலேயே போயிற்று. மோட்டார் சைக்கிளில் பின்னால் சென்ற எனக்கு அந்தக் குளம்போசை நன்றாகக் கேட்டது. குறுக்குக் கால்கள் இரண்டிரண்டாகத் தரையைத் தொடும் அந்த இரட்டைத் தாளம், சிறு வயதில் இரவில் தந்தையார் வீடு திரும்பும்போது தெருமுனையில் கேட்கும் அதே தாளம். திரும்பும் கம்பத்தில் பதினொன்றாவதாக இருந்தது. முதல் பாதியில் பறந்த குதிரைகள் ஒவ்வொன்றாகத் தளர, எல்லையில் ஆறாவதாக வந்து சேர்ந்தது.

பரிசு எதுவும் இல்லை. வண்டியை அவிழ்த்து, நடக்கவிட்டு, கழுத்திலும் கால்களிலும் தண்ணீர் ஊற்றி வழித்தெடுத்து, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தோம். இருபது நிமிடம் கழித்து நான் நாடியை எண்ணினேன். 60. உலக அளவில் நடைபெறும் நெடுந்தூரக் குதிரையேற்றப் போட்டிகளில், மருத்துவச் சோதனையின்போது 64-க்கு மேல் நாடி இருந்தால், முதலாவதாக வந்த குதிரையையும் தகுதி நீக்கிவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன். அந்தக் கணக்குப்படி எங்கள் செவலை தேறிவிட்டது. முன்னங்கால்கள் இரண்டும் ஒரே குளிர்ச்சியாக இருந்தன. அண்ணன் அவற்றை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

தில்லிக்குத் திரும்பிய சில நாட்களில் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். குடும்ப மரம் வரைந்து, ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே அவர் செய்த தொழிலை எழுத வேண்டும். "தாத்தாவுக்கு என்னப்பா எழுதட்டும்? வியாபாரம்தானே?" என்றாள். அவளிடமிருந்து பேனாவை வாங்கி, 'குதிரை வண்டி ஓட்டினார்' என்று தமிழில் எழுதி, கீழே இந்தியிலும் எழுதினேன். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அவளைச் சூழ்ந்துகொண்டு குதிரையின் பெயரைக் கேட்டார்களாம்.

ஊரை விட்டு வெகுதூரம் வந்து பிழைக்கும் நம்மில் பலருக்கு, படிவங்களில் இப்படி ஒரு கட்டம் இருக்கும். பிள்ளைகள் கேட்கும் முன்பே அதைத் திருத்தி எழுதிவிடுவது நல்லது. என் நீள நோட்டு இப்போதும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மார்கழி மாதத்துப் பொய்க் கணக்கை நான் அடிக்கவில்லை. அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.