முந்திரிக்காட்டுல ஒரு 108!

'டிரிப்'னாலே கொடைக்கானல், ஊட்டின்னு கிளம்பற பார்ட்டியா நீங்க? ஒரு தடவை வரதராஜன்பேட்டைக்கு வாங்க பாஸ். அரியலூர் மாவட்டத்துல, ஆண்டிமடம் பக்கம். ஊரைத் தாண்டினா முந்திரிக்காடுதான். செம்மண் தரை, குடை கவிழ்த்த மாதிரி தரையைத் தொடற கிளைங்க, கால் வச்சா 'சரக் சரக்'னு சருகு. ஏப்ரல்ல போனா சிவப்பும் மஞ்சளுமா பழம் தொங்கும். பழத்தைக் கடிச்சு சாறு உறிஞ்சுங்க. பச்சைக் கொட்டையை மட்டும் கடிச்சிடாதீங்க. அதோட பால் பட்டா வாய் வெந்துடும்!

ஒரே சிக்கல், எல்லா மரமும் ஒண்ணு போலவே இருக்கும். நாங்க நாலு பேர் மொபைல் மேப்பை நம்பி உள்ளே நுழைஞ்சோம். அதுல காடு வெறும் பச்சை. ஒத்தையடிப் பாதை ஒண்ணுகூட இல்ல. அரை மணி நேரத்துல வழி தப்பிடுச்சு. ஒருத்தனுக்குக் கால் லேசா பிசகிடுச்சு. வீக்கம் இல்ல, நடக்கவும் முடிஞ்சுது. ஆனா பயம்! சிக்னல் ரெண்டு கோடு வந்ததும் 108-ஐ அழுத்திட்டோம்.

கடைசியில எங்களை ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்தது, ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு பாட்டி. "கூப்பிடு தூரத்துல ரோடு. இதுக்கா சாமி வண்டி?"ன்னு சிரிச்சாங்க. காத்துக்கிட்டிருந்த டிரைவர் அண்ணன் சிரிக்கல. "தம்பி, நான் இங்க நிக்கிற நேரத்துல பக்கத்துல ஒரு பிரசவம், ஒரு பாம்புக்கடின்னா தூரத்து வண்டிதான் வரணும்." நாலு பேரும் தலையைத் தொங்கப்போட்டோம்.

நாங்க மட்டும் இல்ல. அமெரிக்காவுல 2009-ல கிராண்ட் கேன்யன் போன ஒரு குரூப், சாட்டிலைட்ல உதவி கேட்கிற கருவியை மூணு நாள்ல மூணு தடவை அழுத்துச்சு. அதுல ஒரு தடவை காரணம்... தண்ணி உப்புக் கரிச்சுதாம்!

அதுக்காக போனே வேண்டாம்னு சொல்லல. 2022 பிப்ரவரியில, பாலக்காடு மலம்புழா பக்கம் குரும்பாச்சி மலையில பாறை இடுக்குல மாட்டின 23 வயசு இளைஞர், போன்லதான் தகவல் சொன்னார். 40 மணி நேரத்துக்கு மேல தவிச்சவரை ராணுவம் மீட்டுச்சு. அது நிஜ ஆபத்து. அப்படின்னா யோசிக்காம அழுத்துங்க.

மத்தபடி தண்ணி எடுத்துக்கோங்க, காலையிலேயே போங்க, தோப்புக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நுழையுங்க. அடுத்த தடவை போறப்போ நாங்க முதல்ல தேடப்போறது சிக்னலை இல்ல... அந்தப் பாட்டி எந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறாங்கன்னுதான்!